செட்டிநாட்டுப் பள்ளிகளில் கிட்டப்பார்வைப் பரிசோதனை: ஒரு சேவை மதிப்புரை

காரைக்குடி, தேவகோட்டை சுற்றுவட்டாரக் கிராமப் பள்ளிகளுக்கு நேரில் வந்து, பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை (கிட்டத்தில் தெளிவாகத் தெரிந்து தூரத்தில் மங்கும் குறை) இருக்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டவர்களுக்கு இலவசமாகக் கண்ணாடி வழங்கும் ஒரு குழுவின் பணியை, பள்ளி மேலாண்மைக் குழுவில் இருப்பவன் என்ற முறையில் கடந்த கல்வியாண்டு முதல் பக்கத்தில் இருந்து பார்த்து வருகிறேன். பாராட்டோடு குறையையும் எழுதவிருப்பதால் குழுவின் பெயரையும் பள்ளியின் பெயரையும் இங்கே குறிப்பிடவில்லை. பார்வைக் குறையைக் கண்டறியும் வேலையை இவர்களைவிடக் கவனமாகச் செய்தவர்களை எங்கள் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. ஆனால் கண்டறிந்த பிறகு அந்தக் கண்ணாடி பிள்ளையின் முகத்தில் நிலைக்கும்படி செய்வதில் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறார்கள். முதல் பகுதியில் வெவ்வேறு தொழில் தெரிந்தவர்கள் ஒருவர் வேலையை இன்னொருவர் சரிபார்க்கிறார்கள். இரண்டாம் பகுதியில் அப்படிச் சரிபார்க்க யாரும் இல்லை. என் மதிப்பீடு முழுவதும் இந்த வேறுபாட்டைச் சுற்றியே அமைகிறது.

குழுவில் இருப்பவர்களைச் சொன்னால்தான் மற்றவை விளங்கும். பார்வையை அளந்து பவர் எழுதும் ஆப்டோமெட்ரிஸ்ட் இருவர், குறிப்பிட்ட நாட்களில் மட்டும் வரும் கண் மருத்துவர் ஒருவர், எண்ணிக்கைகளைக் கவனித்துக்கொள்ளும் பொதுசுகாதாரம் படித்தவர் ஒருவர், போனில் இயங்கும் செயலியை உருவாக்கிய கணினிப் பொறியாளர் ஒருவர், இவர்களோடு கல்லல் பக்கத்தைச் சேர்ந்த களப்பணியாளர் பெண்மணி ஒருவர். எங்கள் பள்ளி ஆசிரியைகளில் ஒருவருக்கும் முதற்கட்டப் பரிசோதனை செய்யப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். களப்பணியாளருக்குப் பட்டம் எதுவும் இல்லை. ஆனால் எந்த வீட்டில் எந்த நேரத்தில் ஆள் இருக்கும், எந்தப் பிள்ளைக்கு வலிப்பு வந்திருக்கிறது, எந்தத் தகப்பனார் சிங்கப்பூரில் இருக்கிறார் என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். குழுவின் மற்றவர்கள் அவர் சொல்லுக்குக் கொடுக்கும் மதிப்பைப் பார்த்தபோதே இது வழக்கமான முகாம் இல்லை என்று எனக்குப் பட்டது.

பள்ளிப் பிள்ளைகளுக்குக் கண் பரிசோதனை தமிழ்நாட்டுக்குப் புதிதன்று. 2009-இல் தொடங்கப்பட்ட கண்ணொளி காப்போம் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பரிசோதனையும் இலவசக் கண்ணாடியும் வந்தன. பெரிய சிகிச்சை என்றால் செட்டிநாட்டுக்காரர்கள் பெரும்பாலும் மதுரைக்குத்தான் பஸ் ஏறுவார்கள். 1976-இல் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை அங்கே இருக்கிறது. ஆனால் கரும்பலகை தெரியவில்லை என்று சொல்லத் தெரியாத எட்டு வயதுப் பிள்ளையை, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஏறத்தாழ 90 கிலோமீட்டர் அழைத்துப் போக எந்தக் குடும்பத்துக்குத் தோன்றும்? கிராமத்தில் இந்தக் குறை மறைந்து கிடப்பதற்கு எண்ணிக்கையும் ஒரு காரணம். 2002-இல் வெளியான ஆய்வுகளில் டெல்லி நகர்ப்புறத்தில் 5 முதல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 7.4 சதவீதத்தினருக்கும், அன்றைய ஆந்திரத்தின் மகபூப்நகர் கிராமப்புறத்தில் 7 முதல் 15 வயதுக்குட்பட்டவர்களில் 4.1 சதவீதத்தினருக்கும் கிட்டப்பார்வை இருந்தது. கிராமத்தில் 40 பேர் கொண்ட வகுப்பில் ஒருவர் அல்லது இருவர் என்பது கணக்கு. நகரத்து வகுப்பில் கண்ணாடி போட்ட பிள்ளைகள் பலர் இருப்பதால் அடுத்த பிள்ளைக்கும் சந்தேகம் வரும். இங்கே அந்த ஒற்றைப் பிள்ளை “மந்தம்” என்று பெயர் வாங்கிக் கடைசி பெஞ்சுக்குப் போய்விடுகிறது.

பரிசோதனை நடந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வகுப்பறையில் பெஞ்சுகளை ஒதுக்கினாலும் பார்வை அட்டைக்குத் தேவையான 6 மீட்டர் தடையில்லாமல் கிடைக்கவில்லை என்பதால், பள்ளிக்கு எதிரே கல்யாணத்துக்கும் படைப்புக்கும் (முன்னோர் வழிபாட்டுக்கும்) மட்டும் திறக்கப்படும் ஒரு பெரிய வீட்டைக் கேட்டு வாங்கினோம். வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டின், நீளத்துக்கு 6 மீட்டர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அட்டையை முதலில் மாட்டிய இடத்தில், நடுமுற்றத்து வெயில் ஆத்தங்குடித் தரையில் பட்டு எழுத்தின் மேலேயே பளபளத்தது. நல்ல பார்வை உள்ள ஆசிரியையே கீழ்வரியில் தடுமாறினார். மூத்த ஆப்டோமெட்ரிஸ்ட் உடனே பரிசோதனையை நிறுத்தி, நிழல் விழும் எதிர்ப்பத்திக்கு அட்டையை மாற்றி, விளக்கு வைத்து, தூரத்தை டேப்பால் மறுபடி அளந்து தரையில் சுண்ணாம்புக்கோடு போட்டார். வளவை ஒட்டிய சன்னல் குறைந்த அறைகளைப் பூட்டுத் திறந்து காட்டியதும் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டும். கண்ணுக்குள் ஒளிக்கீற்றை அசைத்துப் பவரைக் கணிக்கும் ரெட்டினாஸ்கோப்புக்கு அரையிருட்டு வேண்டும். பெட்டகம் வைக்கக் கட்டிய அறை அதற்கு அளவெடுத்தாற்போல் அமைந்திருந்தது.

அட்டையைப் பொறுத்தவரை ஒரு வேடிக்கை நடந்தது. வரிசையில் நின்ற ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன், முன்னால் போனவர்கள் சொல்வதைக் கேட்டே கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு, தன் முறை வந்ததும் அட்டையைப் பார்க்காமலே கடகடவென்று ஒப்பித்துவிட்டான். இதை எதிர்பார்த்தே போன் செயலியை வைத்திருக்கிறார்கள். அதில் ஆங்கில ‘E’ எழுத்தின் வடிவம் ஒவ்வொரு முறையும் வேறு பக்கம் திரும்பித் தோன்றும். பிள்ளை கையால் திசையைக் காட்டினால் போதும். எழுத்துத் தெரியாத ஒன்றாம் வகுப்புக்கும் அது செல்லும். போனைக் கையில் எடுத்ததும் அந்தப் பையனின் வலது கண் மூன்றாவது அளவிலேயே நின்றுவிட்டது. கண்ணை இடுக்கிப் பார்க்க விடாமல் ஆசிரியை பக்கத்தில் நின்று கவனித்தார். இடுக்கினால் கிட்டப்பார்வைக்காரருக்கும் சற்றுத் தெளிவு கிடைத்துவிடும் என்பதைப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

இனி இந்தச் சேவையின் உயிர்நாடிக்கு வருகிறேன். அது சொட்டு மருந்து. எங்கள் ஊர்ப் பேச்சில் “கம்ப்யூட்டர் செக்கப்” என்றால் ஆட்டோரிஃப்ராக்டர் எந்திரத்தில் தாடையை வைத்து ஒரு சீட்டு வாங்கி வருவது. அந்தச் சீட்டில் இருக்கும் எண்ணே பவர் என்று எல்லாரும் நம்புகிறோம். பெரியவர்களுக்கு அது ஓரளவு பொருந்தலாம். பிள்ளைகளின் கண் கிட்டத்தைப் பார்ப்பதற்காகத் தன் லென்ஸைக் குவித்துக்கொள்ளும் ஆற்றல் மிக்கது; எந்திரத்துக்குள் பார்க்கும்போது அது தானாகக் குவிந்துகொள்ளும்; இல்லாத கிட்டப்பார்வையை எந்திரம் எழுதிவிடும், இருப்பதைக் கூட்டியும் காட்டும். என் தங்கை மகளுக்கு அப்படித்தான் நேர்ந்தது: நகரத்துக் கண்ணாடிக் கடை ஒன்றில் சொட்டு விடாமல் எந்திரச் சீட்டை மட்டும் வைத்து மைனஸ் 2.25 கொடுத்துவிட்டார்கள். மாலையானால் தலைவலி என்று அவள் அழுததை, படிப்புக்குச் சாக்கு என்று வீட்டில் எடுத்துக்கொண்டார்கள். பின்னர் வேறிடத்தில் சொட்டு விட்டுப் பார்த்தபோது மைனஸ் 1.25 தான் வந்தது.

இந்தக் குழு, முதற்கட்டத்தில் தவறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சைக்ளோபென்டோலேட் என்ற சொட்டை விட்டு, அரைமணி நேரத்துக்கு மேல் காத்திருந்து, குவிக்கும் தசை தளர்ந்த பிறகே பவரை எழுதுகிறது. மருந்து சுரீரென்று எரியும். முதல் சொட்டில் எல்லாப் பிள்ளைகளும் துள்ளினார்கள். சொட்டு விடும் முன் களப்பணியாளர் ஒவ்வொரு தாயிடமும் வலிப்பு உண்டா என்று கேட்டார். ஒரு பிள்ளையின் படிவத்தில் இல்லை என்று எழுதியிருந்தும், போன வருடம் அந்த வீட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்தது அவருக்கு நினைவிருந்ததால் அந்தப் பிள்ளையை மட்டும் மருத்துவர் வரும் நாளுக்குத் தள்ளி வைத்தார்கள். பெரிய எந்திரத்தாலும் செய்ய முடியாத வேலை அது.

ஒரே பிள்ளையின் கண்ணைக் கைக்கு அடக்கமான எந்திரத்தாலும் ரெட்டினாஸ்கோப்பாலும் தனித்தனியே அளந்து, இரண்டு எண்களும் அரை டயாப்டருக்கு (டயாப்டர் என்பது பவரின் அலகு) மேல் விலகினால் இன்னொருவர் மறுபடி பார்க்க வேண்டும் என்று விதி வைத்திருக்கிறார்கள். எட்டாம் வகுப்பு மாணவி ஒருவருக்கு இந்த விதிதான் கைகொடுத்தது. எந்திரம் கிட்டப்பார்வையோடு கூடிய சிலிண்டர் பவரை (கருவிழியின் வளைவு சீராக இல்லாதபோது தேவைப்படும் பவரை) காட்டியது. ரெட்டினாஸ்கோப்பில் ஒளிக்கீற்று நேராக நகராமல் கத்தரிக்கோல் போலத் திறந்து மூடியது. கண்ணை ஓயாமல் கசக்கும் பழக்கம் அந்தப் பெண்ணுக்கு உண்டு என்று ஆசிரியை சொன்னார். கருவிழி கூம்பாக நீளும் கெரட்டோகோனஸாக இருக்கலாம் என்று ஐயப்பட்டு மருத்துவருக்குப் படத்தை அனுப்பினார்கள். அவர் கருவிழிப் படம் எடுக்கச் சொல்லி மதுரைக்கு எழுதிக் கொடுத்தார். வெறும் எந்திரச் சீட்டோடு நின்றிருந்தால் அந்தப் பெண் வருடம் ஒரு கண்ணாடி மாற்றிக்கொண்டே இருந்திருப்பார்.

குழுவுக்குள் எல்லாம் ஒரே குரலாக இல்லை என்பதும் எனக்குப் பிடித்திருந்தது. எந்தப் பிள்ளையை அடுத்த கட்டத்துக்கு அனுப்புவது என்பதில் வாதம் நடந்தது. 6/9 வரியை, அதாவது நல்ல பார்வை உள்ளவர் 9 மீட்டரிலேயே படிக்கும் எழுத்தை, 6 மீட்டரில் படிக்கத் தவறினாலே அனுப்ப வேண்டும் என்றார் ஆப்டோமெட்ரிஸ்ட்; லேசான கிட்டப்பார்வையும் தப்பக்கூடாது என்பது அவர் கவலை. அப்படி வைத்தால் குறையே இல்லாத பிள்ளைகள் கூட்டமாக வந்து சொட்டு வாங்கிக்கொண்டு ஒரு நாள் படிப்பை இழப்பார்கள், 6/12 போதும் என்றார் பொதுசுகாதாரம் படித்தவர். கடைசியில் 6/9-ஐ வைத்துக்கொண்டு, தவறியவர்களுக்கு மட்டும் வேறொரு நாளில் ஆசிரியையே இரண்டாம் முறை சோதிப்பது என்று முடிவாயிற்று. முதல் நாள் வெட்கத்திலும் பயத்திலும் தவறியவர்கள் மறுநாள் தாமாகவே தேறினார்கள். பொறியாளர் அதற்கேற்பச் செயலியில் ஒரு பட்டியலைச் சேர்த்தார்.

வீடுகளில் நடந்த பேச்சு வேறு ரகம். “பொன்னாங்கண்ணிக் கீரை கொடுத்தால் சரியாகிவிடும், எதற்குக் கண்ணாடி” என்று ஒரு பாட்டியம்மா வாசலிலேயே மறித்தார். “கீரை நல்லதுதான் அப்பத்தா, கொடுங்க. அதோட கண்ணாடியையும் போடச் சொல்லுங்க” என்று களப்பணியாளர் பதில் சொன்னார். உணவில் வைட்டமின் ஏ குறைந்தால் மாலைக்கண் வரும். கிட்டப்பார்வையோ கண்ணுருண்டை நீண்டுபோய், பிம்பம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுவதால் வருவது. ஒரு மில்லிமீட்டர் நீண்டாலே ஏறத்தாழ இரண்டரை முதல் மூன்று டயாப்டர் வரை பவர் கூடிவிடும் என்பதால், நீண்ட கண்ணைக் கீரையால் சுருக்க முடியாது. பவரைக் குறைத்துப் போட்டால் ஏறாது என்று கேட்ட தகப்பனாருக்கு ஆப்டோமெட்ரிஸ்ட் பொறுமையாக விளக்கினார்: 2002-இல் வெளிவந்த மலேசிய ஆய்வில், வேண்டுமென்றே 0.75 டயாப்டர் குறைத்துக் கொடுக்கப்பட்ட பிள்ளைகளுக்கு, முழுப் பவர் போட்டவர்களைவிடக் கிட்டப்பார்வை வேகமாகவே ஏறியது. பெண் பிள்ளைக்குக் கண்ணாடி போட்டால் நாளைக்கு வரன் அமையாது என்ற பேச்சும் வராமல் இல்லை. அதற்கு எந்த ஆய்வும் செல்லாது. களப்பணியாளர் தன் சொந்த மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டிச் சிரித்ததுதான் செல்லுபடியாயிற்று.

பிள்ளைகளை வெளியில் விளையாட விடுங்கள் என்ற அறிவுரையை நான் முதலில் ஒப்புக்குச் சொல்வதாகவே நினைத்தேன். ஆனால் அதற்கு உறுதியான சான்று இருக்கிறது. சீனத்தின் குவாங்சோ நகரப் பள்ளிகளில் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளிப்புற வகுப்பு வைத்துப் பார்த்தார்கள். 2015-இல் வெளியான முடிவுப்படி, மூன்று ஆண்டுகளில் புதிதாகக் கிட்டப்பார்வை வந்தவர்கள் அந்தப் பள்ளிகளில் 30.4 சதவீதம், மற்றப் பள்ளிகளில் 39.5 சதவீதம். எங்கள் பக்கத்துச் சித்திரை வெயிலில் நண்பகலில் பிள்ளையை வெளியே விடச் சொன்னால் எந்தத் தாயும் அடிக்க வருவார் என்பதால், காலை இறைவணக்கத்துக்கு முன்னும் மாலை டியூசனுக்கு முன்னும் என்று நேரத்தைக் களப்பணியாளரே திருத்திச் சொன்னார். டியூசன் ஆசிரியர்களிடமும் இதைப் பேசியிருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இனிக் குறைகளுக்கு வருகிறேன். முதலாவது, தேதி. காலாண்டுத் தேர்வுக்கு முந்தின நாளில் சொட்டு விட வந்துவிட்டார்கள். கிட்டத்து எழுத்து தெளிவாகத் தெரிய ஒரு நாள் வரை ஆகலாம், வெயிலும் கூசும். பிள்ளைகள் புத்தகத்தைத் திறக்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள், தலைமையாசிரியருக்குப் பெற்றோரிடமிருந்து வசவு கிடைத்தது. பள்ளி நாட்காட்டியை ஒரு முறை கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும். இரண்டாவது, பெற்றோருக்குக் கொடுத்த துண்டறிக்கை. பொடி எழுத்தில், மருத்துவச் சொற்கள் நிறைந்த ஒரு பக்கம் அது. பார்வை பற்றிய அறிக்கையைக் கண்ணை இடுக்கிக்கொண்டுதான் படிக்க வேண்டியிருந்தது.

இவற்றைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கண்ணாடி விஷயம். பவர் எழுதிய நாளுக்கும் கண்ணாடி வந்த நாளுக்கும் இடையில் ஒன்றரை மாதத்துக்கு மேல் ஓடிவிட்டது. வந்த பிரேம்கள் இரண்டே அளவு. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மூக்கில் நிற்காமல் உதட்டுக்கு இறங்கியது. லென்ஸின் நடுவே பார்க்க வேண்டிய பிள்ளை பிரேமின் மேல் விளிம்புக்கு மேலாகப் பார்த்தது. கண்மணிகளுக்கு இடைப்பட்ட தூரத்தைப் பரிசோதனையில் ஒழுங்காக அளந்து எழுதிய அதே குழு, அந்த அளவுப்படி லென்ஸ் வெட்டப்பட்டதா என்று வந்த பெட்டியைத் திறந்து சரிபார்க்கவில்லை. கண்ணாடி செய்கிறவர் குழுவில் ஒருவர்கூட இல்லை. வெளியே எங்கோ ஒப்பந்தத்துக்குச் செய்து தபாலில் வருகிறது. ஒரு பையனின் பிரேம் கால் திருகு கழன்றபோது நூலால் கட்டிக்கொண்டு வந்தான். திருகு போட காரைக்குடிக்குத்தான் போக வேண்டும். அவன் அம்மா நூறு நாள் வேலையை விட்டுவிட்டுப் போகவில்லை. அதற்கப்புறம் கண்ணாடி அலமாரிக்குப் போயிற்று.

இதைச் சின்ன விஷயமாக நினைப்பவர்கள் இரண்டு ஆய்வுகளைப் பார்க்க வேண்டும். சீனத்தின் மேற்குப் பகுதிக் கிராமப் பள்ளிகளில் இலவசக் கண்ணாடி கொடுக்கப்பட்ட பிள்ளைகளின் கணக்கு மதிப்பெண் உயர்ந்ததாக 2014-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. பலன் கண்ணாடியைப் போடுவதில் இருக்கிறது, சீட்டில் இல்லை. கென்யாவில் போன் செயலியால் பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்து, ஆசிரியருக்கும் பெற்றோருக்கும் தொடர்ந்து நினைவூட்டல் அனுப்பிய பள்ளிகளில், மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்களில் 54 சதவீதம் பேர் மருத்துவமனைக்குப் போனார்கள். வழக்கமான முறையில் 22 சதவீதம் பேரே போனார்கள். நம் குழுவின் செயலியிலும் நினைவூட்டல் வசதி இருக்கிறது. ஆனால் பவர் எழுதியதும் அது நின்றுவிடுகிறது. பிள்ளை கண்ணாடியைப் போடுகிறதா என்று கேட்கும் கட்டம் அதில் இல்லவே இல்லை. கிட்டப்பார்வை வளரும் வயதில் வருடா வருடம் ஏறக்கூடியது. மைனஸ் 6-ஐத் தாண்டினால் பிற்காலத்தில் விழித்திரை பிரியும் ஆபத்தும் கண்நீர் அழுத்த நோயின் (குளுக்கோமா) ஆபத்தும் கூடும். அடுத்த வருடம் அதே பிள்ளையை மறுபடி அளப்போம் என்று வாய்வார்த்தையாகச் சொல்லியிருக்கிறார்கள். எழுத்தில் கொடுத்தால் நம்புவேன்.

பள்ளி மேலாண்மைக் குழுக்கூட்டத்தில் இவற்றைச் சொன்னபோது பரிசோதனைக் குழுவினர் முகம் சுளிக்கவில்லை. மருத்துவர் பெரும்பகுதியை ஏற்றுக்கொண்டார். பொதுசுகாதாரம் படித்தவர் செலவுக் கணக்கைக் காட்டி மழுப்பினார். பொறியாளர் மட்டும் அங்கேயே உட்கார்ந்து “கண்ணாடி போட்டிருக்கிறதா, உடைந்திருக்கிறதா, காணவில்லையா” என்ற மூன்று கேள்விகளைச் செயலியில் சேர்த்து, எங்கள் ஆசிரியையின் போனில் காட்டினார். கண்ணாடி செய்கிறவர் ஒருவரைக் குழுவில் சேர்ப்பது பற்றி யாரும் தீர்மானமாகப் பேசவில்லை.

இந்தச் சேவையை அழைக்கலாமா என்று கேட்கும் ஊர்களுக்கு என் பதில் தூரத்தைப் பொறுத்தது. காரைக்குடி, தேவகோட்டை பஸ் வழித்தடத்தில், கண்ணாடிக் கடை எட்டும் தொலைவில் இருக்கும் பள்ளிகள் தயங்காமல் அழைக்கலாம். பரிசோதனை அந்த அளவுக்குத் தரமானது. உள்ளொடுங்கிய கிராமங்கள் அழைக்கும் முன், பிரேம்களை மூன்று நான்கு அளவில் கொண்டுவருவதாகவும், திருகும் மூக்குப் பட்டையும் அடங்கிய ஒரு பெட்டியைப் பள்ளியிலேயே விட்டுச் செல்வதாகவும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அழைக்கிறவர்கள் தங்கள் பங்குக்கு 6 மீட்டர் நீளமுள்ள நிழலான இடமும், சன்னலை மூடினால் இருளும் ஓர் அறையும், பெற்றோர் கையொப்பமும் முன்கூட்டியே தயாராக வைத்திருக்க வேண்டும். தேர்வு அட்டவணையைக் கடிதத்தோடு இணைத்து அனுப்புவது நல்லது. எங்கள் பள்ளி அடுத்த வருகைக்கு அப்படித்தான் எழுதியிருக்கிறது. பெட்டிக்கான பதில் இன்னும் வரவில்லை.